ஒரே அளவு இரும்பு சேர்த்த இரண்டு லித்தியம் நையோபேட் படிகங்கள்: நடத்தை மட்டும் ஏன் வேறு?

இளவேனில்:
எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. என்னிடம் இரண்டு லித்தியம் நையோபேட் (லேசர் வேலைகளில் பயன்படும் ஒளிபுகும் பொருள்) படிகங்கள் இருக்கின்றன. இரண்டின் சீட்டிலும் இரும்பு 0.03 மோல் சதவீதம் என்றுதான் போட்டிருக்கிறது. தடிமனும் ஒன்றே, 2 மில்லிமீட்டர். ஒன்று வெளிர் மஞ்சள், மற்றது செம்பழுப்பு.

532 நானோமீட்டர் பச்சை லேசரை இரண்டு கற்றையாகப் பிரித்து, படிகத்துக்குள் சந்திக்க வைத்துக் கீற்றணி (ஒளிவிலகல் எண் மாறிமாறி வரும் வரிவரியான அமைப்பு) எழுதுகிறேன். பழுப்புப் படிகத்தில் சீக்கிரமே எழுதி முடிந்துவிடுகிறது, ஆனால் வலு இல்லை. மஞ்சளில் வெகு நேரம் பிடிக்கிறது, முடிவில் கிடைக்கும் விளிம்பு விளைவோ (கீற்றணி ஒளியைத் திருப்பிவிடும் அளவு) பல மடங்கு. அப்புறம் இன்னொன்று. ஒரே ஒரு கற்றையைக் குவித்து விட்டால் சில நிமிடங்களில் திரையில் விழும் வட்டப் புள்ளி ஒரு திசையில் மட்டும் இழுபட்டு நீள்கிறது. அந்தத் திசை படிகத்தின் முனைவு அச்சு, அதாவது உள்ளே கூட்டல், கழித்தல் மின்னூட்டங்கள் தாமாகவே விலகி நிற்கும் திசை.

விற்றவரிடம் கேட்டால் "இரண்டும் ஒரே சரக்கு, ஒரே டோப்பிங்" என்கிறார். டோப்பிங் (வேண்டுமென்றே மாசு சேர்ப்பது) ஒன்றென்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

அரவிந்தன்_ஒளியியல்:
தங்கச்சி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: நிறம். சீட்டில் இருப்பது மொத்த இரும்பின் அளவு. அந்த இரும்பு எந்த மின்னூட்ட நிலையில் இருக்கிறது என்று சீட்டு சொல்வதில்லை. படிகத்துக்குள் இரும்பு 2+ ஆகவும் இருக்கும், 3+ ஆகவும் இருக்கும். 2+ எலக்ட்ரானைக் கொடுக்கும், 3+ அதைப் பிடித்து வைக்கும். ஒன்று கொடையாளி, மற்றது பொறி. பழுப்பில் 2+ அதிகம், மஞ்சளில் 3+ அதிகம். வளர்த்த பிறகு எந்த வாயுவில் வைத்துச் சுட்டார்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

கமலா டீச்சர்:
இந்த விஷயத்தின் வரலாறு தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும் என்பதால் சொல்கிறேன். 1966ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் கூட இருந்தவர்களும் லித்தியம் நையோபேட் வழியாக லேசரைச் செலுத்தியபோது, இளவேனில் பார்த்ததைப் போலவே கற்றை சிதைந்தது. ஒளி பட்ட இடத்தில் ஒளிவிலகல் எண் மாறியிருந்தது. அதற்கு ஒளிச் சேதம் என்று பெயர் வைத்தார்கள். சூடாக்கியதும் அந்தச் சேதம் மறைந்தது, படிகம் பழையபடி ஆனது. உண்மையில் எதுவும் உடையவில்லை, மின்னூட்டங்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். (லேசரால் நுண்துகளைப் பிடிக்கும் ஒளி இடுக்கிக்காக 2018ல் நோபல் பெற்ற அதே ஆஷ்கின்தான்.) இரண்டே ஆண்டில், 1968ல், அதே ஆய்வகத்தில் சென் குழுவினர் இதே விளைவை வைத்துப் படிகத்துக்குள் ஹோலோகிராம் பதித்தார்கள். 1970களின் தொடக்கத்தில்தான் இதில் இரும்பின் பங்கு தெளிவானது.

நான் பள்ளியில் குறைக்கடத்திப் பாடம் நடத்தியபோது "மாசூட்டினால் மின்கடத்தல் கூடும்" என்பதோடு நிறுத்த வேண்டியிருந்தது. மாசு அணு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும் என்பதற்குப் பாடத்தில் இடமே இல்லை. இந்தப் படிகத்தில் அதுதான் முழுக் கதையும்.

மாறன்:
இளவேனிலின் முதல் கேள்விக்கு இன்னும் துல்லியமாகவே பதில் சொல்லலாம்.

ஒளி பட்டதும் இரும்பு 2+ ஒரு எலக்ட்ரானை விடுகிறது. இரும்பு உட்கார்ந்திருப்பது லித்தியத்தின் இடத்தில். அந்த இடத்தைச் சுற்றி முனைவு அச்சின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. அதனால் வெளியேறும் எலக்ட்ரான் ஒரு பக்கமாகவே அதிகம் நகரும். வெளியிலிருந்து மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமலே ஒரு மின்னோட்டம் ஓடும். கிளாஸ், ஃபொன் டெர் லிண்டே, நெக்ரான் மூவரும் 1974ல் காட்டிய பருமன் ஒளிவோல்டா விளைவு இதுதான். நகர்ந்த எலக்ட்ரான் எங்கோ ஓர் இரும்பு 3+ இல் சிக்கும். ஒளி மறுபடி பட்டால் மறுபடி கிளம்பும். கடைசியில் வெளிச்சம் இல்லாத ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும், கிளப்பிவிட அங்கே ஒளி கிடையாது.

இப்போது அளவுகளைப் பாருங்கள். இந்த மின்னோட்டம் 2+ இன் அளவைப் பொறுத்தது. அதை எதிர்த்து மின்னூட்டத்தைத் திரும்பக் கலைத்துவிடும் ஒளிக்கடத்தல் (ஒளி பட்டதால் கூடும் மின்கடத்தல்) 2+ ஐ 3+ ஆல் வகுத்த விகிதத்தைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும்போது வளர்ச்சி நிற்கும். அப்போதுள்ள மின்புலத்தைக் கணக்கிட்டால் 2+ அடித்துப்போய்விடும், மிஞ்சுவது 3+ மட்டும்தான். ஆக, எவ்வளவு வேகம் என்பதைப் பெரும்பாலும் 2+ முடிவு செய்கிறது. கடைசியில் எவ்வளவு வலு என்பதை 3+ முடிவு செய்கிறது. பழுப்பு வேகமாக எழுதி பலவீனமாக நிற்பதும், மஞ்சள் மெதுவாக எழுதி பலமாக நிற்பதும் அதனால்தான்.

சுந்தர்_சர்வீஸ்:
நான் டிவி மெக்கானிக், படித்தது ஐடிஐ. இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு சந்தேகம். இரும்பே சேர்க்காமல், நல்ல சுத்தமான படிகம் வளர்த்தால் இந்தத் தொல்லையே இருக்காதே?

மாறன்:
சுந்தர் அண்ணா, நல்ல கேள்வி. இரும்பை அறவே நீக்கினாலும் லித்தியம் நையோபேட் குறையில்லாமல் வராது. உருகிய குழம்பும் அதிலிருந்து இழுக்கும் படிகமும் ஒரே கலவையாக இருக்கும் புள்ளி, லித்தியம் ஆக்சைடும் நையோபியம் ஆக்சைடும் சரிபாதியாக உள்ள இடத்தில் இல்லை. லித்தியம் ஆக்சைடு 48.6 சதவீதம் பக்கத்தில் இருக்கிறது. ஆலைகளில் அந்தக் கலவையில்தான் இழுக்கிறார்கள், அப்போதுதான் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வரும். சரிபாதிக் குழம்பில் தொடங்கினால் படிகம் லித்தியம் குறைந்தே வரும், இழுக்க இழுக்கக் கலவையும் மாறிக்கொண்டே போகும்.

48.6 என்றால் என்ன அர்த்தம்? குறையும் லித்தியத்தின் இடங்கள் சிலவற்றில் நையோபியம் போய் உட்காருகிறது. அந்த இடத்துக்கு வேண்டியது 1+, வந்ததோ 5+. மிச்சம் நான்கு. அதைச் சமன்செய்ய நான்கு லித்தியம் இடங்கள் காலியாகின்றன. கணக்குப் போட்டால் 100 லித்தியம் இடங்களில் ஏறக்குறைய ஒன்றில் நையோபியம், நான்கு வெற்றிடம்.

இளவேனிலின் படிகத்தில் இரும்பு 0.03 சதவீதம். இடம் மாறி உட்கார்ந்த நையோபியமோ கிட்டத்தட்ட 0.93 சதவீதம். சேர்த்த மாசைவிடப் பிறவிக் குறைபாடு 30 மடங்கு. ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 1.9 × 10²² லித்தியம் இடங்கள் இருப்பதால், இரும்பு அணுக்களுக்கு இடையே சராசரி தூரம் 5 முதல் 6 நானோமீட்டர். தவறிய இடத்து நையோபியங்களுக்கு இடையே 2 நானோமீட்டரும் இல்லை. இரும்பிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் போகும் வழியெல்லாம் அவைதான் இருக்கின்றன.

அரவிந்தன்_ஒளியியல்:
மாறன் சொன்ன அந்த நையோபியம் சும்மா இருப்பதில்லை. எலக்ட்ரானைப் பிடித்து 4+ ஆகும். பிடிபட்ட எலக்ட்ரான் சுற்றியுள்ள ஆக்சிஜன்களைக் கொஞ்சம் விலக்கித் தனக்கு ஒரு குழி பறித்துக்கொள்ளும். சிறு போலரான் என்பது இதுதான். 760 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும், அதாவது 1.6 எலக்ட்ரான் வோல்ட். பக்கத்து நையோபியத்தோடு சேர்ந்து இரண்டு எலக்ட்ரான் ஒரே ஜோடியாகச் சிக்கினால் 500 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். அகச்சிவப்பு லேசரைப் பச்சையாக மாற்றும் படிகத்தில், உண்டாகும் பச்சை ஒளியால் எலக்ட்ரான்கள் இப்படிச் சிக்கினால், நுழையும் அகச்சிவப்பையே படிகம் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். வெப்பம் ஏறும், வெளியே வரும் திறன் விழும். அதிகத் திறனில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

இதற்கு மருந்து மக்னீசியம். 1980ல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள், 1984ல் அமெரிக்காவில் பிரையன், கெர்சன், டோமாஷ்கே மூவரும் விரிவாக ஆராய்ந்தார்கள். 5 மோல் சதவீதம் பக்கம் போனதும் ஒளிச் சேதம் சட்டென்று விழுகிறது. மக்னீசியம் லித்தியத்தின் இடத்தில் உட்கார்ந்து நையோபியத்தைத் தன் சொந்த இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. மிச்சம் மீதி இருக்கும் இரும்பும் லித்தியத்தின் இடத்தை விட்டு நையோபியத்தின் இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கே போனபின் அது முன்போல எலக்ட்ரானைப் பிடிப்பதில்லை. இந்த எல்லையைத் தாண்டியாயிற்றா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படிகத்தில் எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் இருக்கும், அதன் அகச்சிவப்பு உறிஞ்சல் அலை எண் 3484 பக்கம் வரும். எல்லை தாண்டினால் அது 3535 பக்கம் நகர்ந்துவிடும். நான் எந்தப் படிகம் கைக்கு வந்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான், சீட்டை அப்புறம்தான் பார்ப்பேன்.

இளவேனில்:
அரவிந்தன் அண்ணா, மாறன் சார், மிக்க நன்றி. ஆனால் மனதுக்கு ஒன்று ஒப்பவில்லை. ஒளிவிலகல் எண் இவ்வளவு மாற, எத்தனை எலக்ட்ரான் நகர வேண்டும்? இரும்பே கொஞ்சம்தானே?

மாறன்:
போட்டுப் பார்ப்போம். இரும்பு கலந்த படிகத்தில் ஒளிவோல்டா மின்புலம் மீட்டருக்கு 10⁷ வோல்ட் வரை ஏறக்கூடும். ஒளிவிலகல் எண் மாற்றம் என்பது அரை × எண்ணின் முப்படி × மின்ஒளியியல் கெழு (மின்புலத்துக்கு ஒளிவிலகல் எண் எவ்வளவு மசியும் என்பதன் அளவு) × மின்புலம். எண் 2.2, கெழு ஒரு வோல்ட்டுக்கு 31 பைக்கோமீட்டர். விடை 1.6 × 10⁻³. தடிமனான படிகத்தில் இதில் நூறில் ஒரு பங்கே கற்றையைக் கெடுக்கப் போதும்.

இந்த மின்புலத்துக்கு வேண்டிய மின்னூட்டம்: மின்காப்பு மாறிலி 28 என்று வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 × 10¹² எலக்ட்ரான். அது 50 மைக்ரான் அகலத்தில் பரவியிருக்கிறது என்றால் கன சென்டிமீட்டருக்கு 3 × 10¹⁴. உங்கள் படிகத்தில் இரும்பு 5.7 × 10¹⁸. ஏறக்குறைய 20,000 இரும்பு அணுக்களில் ஒன்று தன் எலக்ட்ரானை இடம் மாற்றினாலே போதும். உச்ச அளவுக்கே இவ்வளவுதான்.

இரும்பே சேர்க்காத படிகம் ஏன் 1966ல் கெட்டது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. மூலப்பொருளில் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும் பத்து லட்சத்தில் சில பங்கு இரும்பே தாராளம்.

கமலா டீச்சர்:
20,000ல் ஒன்று! இதை வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சுந்தர்_சர்வீஸ்:
டீச்சர், எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. பழைய படக்குழாய் டிவியில் காந்தம் நீக்கும் சுருளோடு தொடராக ஒரு பிடிசி (சூடேறினால் தடை ஏறும் பாகம்) இருக்கும். செட்டைப் போட்டதும் மின்சாரம் பாயும், நொடியில் சூடேறித் தன் தடையை ஏற்றிக்கொண்டு சுருளை நிறுத்திவிடும். அதுவும் பேரியம் டைட்டனேட் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இந்த ஜாதிதானா?

மாறன்:
அதேதான் அண்ணா, ஆனால் சிக்கும் இடம் வேறு. சுத்தமான பேரியம் டைட்டனேட் மின்காப்புப் பொருள். லாந்தனம் போன்றதை அரை சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தால் கடத்தும் குறைக்கடத்தியாகிறது. பிடிசி என்பது ஒற்றைப் படிகம் இல்லை, ஆயிரக்கணக்கான மணிகள் ஒட்டிச் சுட்ட பீங்கான். மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள எல்லையில் எலக்ட்ரான்கள் சிக்கி ஒரு தடுப்பை எழுப்புகின்றன. 120 டிகிரி வரை பொருள் மின்முனைவோடு இருப்பதால் அந்தத் தடுப்பு அமுங்கிக் கிடக்கும். அதைத் தாண்டியதும் முனைவு போய்விடும், மின்காப்பு மாறிலியும் சரியத் தொடங்கும், தடுப்பு எழும்பும், தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் ஏறும். 1961ல் ஹேவாங் இதற்கு விளக்கம் கொடுத்தார், முனைவின் பங்கை 1964ல் யோங்கர் சேர்த்தார். அதே பேரியம் டைட்டனேட்டை ஒற்றைப் படிகமாக எடுத்தால் இந்தத் தடை ஏற்றம் கிடைக்காது. மணி எல்லையில் சிக்கிய மின்னூட்டம் இல்லாவிட்டால் பிடிசியே இல்லை.

அதனால்தான் குறைபாடு என்றாலே நீக்க வேண்டியது என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. எந்தக் குறைபாடு, எந்த இடத்தில், எந்த மின்னூட்டத்தோடு என்று கேட்காமல் அது நல்லதா கெட்டதா என்று முடிவு கட்ட முடியாது.

அரவிந்தன்_ஒளியியல்:
மாறன், அங்கே எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஹோலோகிராம் எழுதுபவருக்கும் பிடிசி செய்பவருக்கும் நீங்கள் சொல்வது சரி. அலைநீளம் மாற்றும் என் போன்றவர்களுக்கு லித்தியம் நையோபேட்டின் பிறவிக் குறைபாட்டால் ஒரு நன்மையும் இல்லை. முனைவைத் திருப்பி ஏறக்குறைய 7 மைக்ரான் இடைவெளியில் பட்டைகள் போட வேண்டும், அகச்சிவப்பு 1064ஐப் பச்சையாக்க. சாதாரணப் படிகத்தில் முனைவைத் திருப்ப மில்லிமீட்டருக்கு 21 கிலோவோல்ட் தேவை. சரிபாதிக் கலவைக்கு நெருங்கிய படிகத்தில் அது நாலு, ஐந்து கிலோவோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. 1998ல் கோபாலன், கிட்டமுரா முதலானோர் இதை அளந்து வெளியிட்டார்கள். வித்தியாசம் ஒரு சதவீத நையோபியமும் நாலு சதவீத வெற்றிடமும் மட்டும்தான். 21 கிலோவோல்ட்டில் தடிமனான படிகத்தை ஓட்டை விழாமல் திருப்பிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

மாறன்:
உங்கள் வேலைக்கு அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், உங்கள் பட்டைப் படிகத்திலேயே 5 சதவீத மக்னீசியம் இருக்கிறது. அதுவும் வெளியிலிருந்து வந்த மாசுதானே. சேர்த்ததால் திருப்பும் மின்புலமும் இறங்குகிறது, ஒளிச் சேதமும் போகிறது.

நிலா_ஈபிஆர்:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்திசைவு, அதாவது ஈபிஆர், என் வேலை: காந்தப்புலத்தில் வைத்த படிகம் நுண்ணலையை எங்கெங்கே உறிஞ்சுகிறது என்று கோடுகளாகப் பார்ப்பது. எலக்ட்ரான் எந்த அணுவில் சிக்கியிருக்கிறது என்பதை ஊகிக்காமல் நேரடியாகப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டின், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் 2:2:6 விகிதத்தில் சேர்ந்த ஒரு படிகம் உண்டு. உக்ரைனின் உஷ்கோரோத்தில் பல ஆண்டுகளாக வளர்க்கிறார்கள். ஆற்றல் இடைவெளி 2.3 எலக்ட்ரான் வோல்ட்தான். லித்தியம் நையோபேட்டில் அது 4க்குப் பக்கம், அதைக் குறைக்கடத்தி என்று சொல்லவே சிலர் தயங்குவார்கள். இதுவோ பெர்ரோமின் தன்மையும் (தானாக முனைவு கொண்டு, அதை மின்புலத்தால் திருப்பக்கூடிய தன்மை) உள்ள அசல் குறைக்கடத்தி. டெல்லூரியம் சேர்த்தால் 1064 நானோமீட்டரிலேயே வேலை செய்யும், லித்தியம் நையோபேட்டைவிடப் பல மடங்கு வேகமாக.

இதில் ஆண்டிமனி சேர்த்தால் 3+ ஆக டின் 2+ இன் இடத்தில் உட்காரும். குளிரவைத்து ஒளி அடித்தால் ஓர் எலக்ட்ரானைப் பிடித்து 2+ ஆகும். அது ஆண்டிமனிதான் என்று எப்படித் தெரியும்? ஆண்டிமனிக்கு இரண்டு ஐசோடோப்பு: 121 என்பது 57 சதவீதம், 123 என்பது 43 சதவீதம். முதலாவதின் அணுக்கரு எலக்ட்ரான் தரும் ஒரு கோட்டினை 6 கோடாகப் பிரிக்கும், இரண்டாவது 8 ஆக. திரையில் 6 கோடு கொண்ட ஒரு வரிசையும், அதைவிட நெருக்கமாக 8 கோடு கொண்ட இன்னொன்றும், 57க்கு 43 என்ற கணக்கில் வந்தால் வேறு எந்தத் தனிமத்துக்கும் அங்கே இடமில்லை. ஒளியை நிறுத்திவிட்டு அந்தக் கோடுகள் தேய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிக்கிய எலக்ட்ரான் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது கண் முன்னால் தெரியும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

இளவேனில்:
நிலா அக்கா, அந்தப் படிகத்தையே வாங்கிவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது!

நிலா_ஈபிஆர்:
ஆசைப்படலாம், ஆனால் முனைவு 65 டிகிரி பக்கத்தில் போய்விடும். பிசின் ஒட்டக் கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கினாலே முனைவு கலைந்து மறுபடி ஒழுங்கு செய்ய வேண்டிவரும். லித்தியம் நையோபேட் 1100 டிகிரி தாண்டியும் தாங்கும்.

இளவேனில்:
சூடு என்றதும் நினைவு வருகிறது. மஞ்சள் படிகத்தில் எழுதியதை அழிக்க அடுப்பில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் இருட்டில் வைத்தேன். ஆறியதும் கீற்றணி போய்விட்டது. ஆனால் சீரான பச்சை ஒளியை விட்டதும் பழைய கீற்றணி மெல்ல மெல்லத் திரும்பி வந்தது! பேய் பிடித்ததா என்று பார்த்தேன்.

அரவிந்தன்_ஒளியியல்:
நீங்கள் அழிக்கவில்லை, நிலைப்படுத்திவிட்டீர்கள். 1971ல் அமோடெய், ஸ்டேப்ளர் இருவரும் கண்ட வெப்ப நிலைப்படுத்தல் இது. 150 டிகிரியில் இரும்பில் சிக்கிய எலக்ட்ரான் பெரிதாக அசையாது. ஆனால் நான் முன்பு சொன்ன ஹைட்ரஜன், புரோட்டானாக நகரத் தொடங்கும். எலக்ட்ரான் குவிந்த இடத்துக்குப் புரோட்டான் போய் மூடிவிடும். மொத்த மின்புலம் பூஜ்யம், கீற்றணி மறைந்த மாதிரித் தெரியும். ஆறியபின் சீரான ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் கலையும், குளிர்ந்த புரோட்டான்கள் அசையாமல் நிற்கும். நீங்கள் பார்த்தது புரோட்டான்கள் நகலெடுத்த கீற்றணி.

முழுதாக அழிக்க 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், சூட்டிலேயே சீரான ஒளியும் கொடுங்கள். ஒன்று கவனம்: இந்தப் படிகம் வெப்பம் மாறும்போது இரண்டு முகங்களிலும் மின்னூட்டம் சேர்க்கும். வேகமாகச் சூடாக்கினாலோ ஆறவிட்டாலோ பொறி பறந்து விரிசல் விடும். முனைவு முகங்கள் இரண்டையும் அலுமினியத் தாளால் சுற்றி இணைத்துவிட்டு, நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். செல்போன் அலைவரிசை வடிகட்டிக்கான மெல்லிய படிகத் தகடுகளை வேண்டுமென்றே ஆக்சிஜன் இழக்க வைத்துக் கருப்பாக்குவதும் இந்தத் தொல்லைக்காகத்தான். கொஞ்சம் கடத்தினால் மின்னூட்டம் தேங்காது.

இளவேனில்:
தாளைச் சுற்றி, மெதுவாக 230 வரை ஏற்றி, மேலே வெள்ளை எல்இடி வைத்தேன். இந்த முறை ஒன்றும் திரும்பி வரவில்லை. உறிஞ்சல் நிறமாலையும் எடுத்தேன். பழுப்பில் 477 நானோமீட்டர் பக்கம் பெரிய மேடு, 1100 பக்கம் சின்னதாக இன்னொன்று. மஞ்சளில் இரண்டும் மிகச் சன்னம்.

மாறன்:
இரண்டு மேடும் இரும்பு 2+ உடையவை. 477இன் உயரத்தை இரண்டு படிகத்திலும் ஒப்பிட்டால் 2+ விகிதம் கிடைத்துவிடும். உங்கள் எழுதும் வேகங்களின் விகிதத்தோடு வைத்துப் பாருங்கள். பழுப்பையே மஞ்சளாக்கவும் முடியும்: ஆக்சிஜன் ஓட்டத்தில் 900 டிகிரிக்கு மேல் சில மணி நேரம். 1000ஐத் தாண்ட வேண்டாம், லித்தியம் வெளியேறினால் ஒரு முகத்தில் மெல்லிய அடுக்காக முனைவு தலைகீழாகிவிடும். ஒரே படிகத்தை முன்னும் பின்னும் அளந்தால் சீட்டைப் பற்றிய சண்டைக்கே இடமில்லை, உள்ளே இரும்பின் அளவு மாறவே இல்லையே.

நிலா_ஈபிஆர்:
சுடுவதற்கு முன் ஒரு ஓரத்தில் 3 மில்லிமீட்டர் துண்டு வெட்டி எடுத்து வை. வழக்கமான நுண்ணலையில் எனக்கு 3+ தான் தெரியும், 2+ தெரியாது. உன் உறிஞ்சல் 2+ ஐச் சொல்கிறது, என் கோடுகள் 3+ ஐச் சொல்லும், இரண்டையும் கூட்டினால் மொத்தம் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். துண்டின் மூன்று அச்சையும் பென்சிலால் குறித்து அனுப்பு. முனைவு அச்சில் கூட்டல் முகம் எது என்பதை மறக்காமல் எழுது.